மண்டபத்துக்குப் போயிருக்காங்க

எட்வர்டுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிக் கிளம்பிய பிறகு, யாகப்பம்மாள் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அலுத்துப்போய்ப் படுத்திருக்கிறாள் என்றுதான் மூத்தவள் லிண்டா நினைத்தாள். ஒரு மாதமாக வீடு நிறைய ஆள். அழுது அழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. தூங்கட்டும் என்று கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கழுவாமல் கிடந்த சட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். மறுநாளும் அம்மா எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

பாம்பன் தெற்குவாடியில் கடலைப் பார்த்த கடைசி வரிசையில் அவர்கள் வீடு. எட்வர்ட் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், "நெஞ்சப் பிடிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு படகின் முன்பக்க அணியத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினார்கள். கரைக்கு வந்து சேரும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. லிண்டா அப்போது பிளஸ் ஒன் வகுப்பில் இருந்தாள். பியூன் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, மதியச் சாப்பாட்டுக்கு அய்யா ஏதோ கொடுத்துவிட்டிருக்கிறார் என்று நினைத்து எழுந்து போனாள்.

யாகப்பம்மாள் பாசி எடுக்கப் போகிற கூட்டத்தில் ஒருத்தி. காலையிலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் முளைத்த பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பைக்குள் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெரிய வாய் யாகப்பம்மாளுக்குத்தான். அவள் சிரித்தால் அடுத்த வல்லத்துக்குக் கேட்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்த கதை முழுவதையும் எட்வர்டிடம் கொட்டுவாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே "ம்" கொட்டுவார். அந்த "ம்" நின்றதோடு அவள் பேச்சும் நின்றுபோயிற்று.

பூசை நாளன்று லிண்டா பின்பக்கம் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த தூரத்துச் சொந்தக்காரப் பெண்கள் இருவர் பேசியது அவள் காதில் விழுந்தது.

"யாகப்பம்மா தேற மாட்டா போலயே."

"மூத்தவள எங்கயாச்சும் மடத்து ஹாஸ்டல்ல சேத்துட்டு, சின்னத யாராவது எடுத்து வளத்தாத்தான் உண்டு. இந்தப் பிள்ளைக என்ன செய்யும், பாவம்."

அவர்கள் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் லிண்டா, தேய்த்து முடித்த சட்டியையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னது என்று அவர்கள் சொன்ன ஆன்சி அந்த நேரம் வாசலில் பந்தல் பிரிக்கிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருசம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

முதலில் தெருவே அவர்களைத் தாங்கியது. காலையில் ஒரு வீட்டிலிருந்து இட்லி வரும், மதியம் இன்னொரு வீட்டிலிருந்து குழம்பு வரும். எட்வர்டோடு தொழிலுக்குப் போனவர்கள் மீன் கொடுத்து அனுப்பினார்கள். கோயிலிலிருந்து அன்பியம் என்கிற செபக்குழுக்காரர்கள் வந்து செபமாலை சொன்னார்கள். பிறகு மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நின்று தொழில் சூடு பிடித்தது. அவரவருக்கு அவரவர் பாடு. யாரும் வேண்டுமென்று விலகவில்லை. ஒருநாள் சட்டி திருப்பிக் கொடுக்கப் போன லிண்டா, அதை வாங்கிக்கொண்ட பெண் "இனி நீயே பொங்கிருவல்ல தாயி?" என்று கேட்டபோது, "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதோடு முடிந்தது.

அவள் பொங்கினாள். ரேஷன் அரிசியும், சாவுக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பணமும் இருந்தன. விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்து, கஞ்சி காய்ச்சி, ஆன்சிக்குத் தலை பின்னி, அம்மாவை உட்கார வைத்து ஊட்டினாள். யாகப்பம்மாள் இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவதற்கு உதட்டை மூடிக்கொள்வாள். சில நாள் கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள். "அம்மா, வெளிய வந்து கொஞ்சம் உக்காரு" என்றால், கேட்டது போலவும் இருக்கும், கேட்காதது போலவும் இருக்கும்.

முருகம்மாள் வந்தது அக்டோபரில். பாசிக் கூட்டத்தில் யாகப்பம்மாளுக்கு ஜோடி அவள்தான். ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி மேலே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ள பழக்கம். பல வருசமாக இந்த இருவரும் மாற்றி மாற்றி அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள். முருகம்மாள் மாரியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். யாகப்பம்மாளைவிட மூத்தவள், அதனால் பிள்ளைகளுக்குப் பெரியம்மா.

"எங்க ஒங்கம்மா? தொழிலுக்கு வரச்சொல்லிக் கூப்பிடலாம்னு வந்தேன்" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட பேச்சு லிண்டாவின் நினைவுக்கு வந்தது. அம்மாவை இந்தக் கோலத்தில் ஒரு ஆள் பார்த்தால் ஊரே பார்த்தது போல. அப்புறம் ஹாஸ்டல்தான், ஆன்சி ஒரு பக்கம் தான் ஒரு பக்கம்தான். அவள் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"மண்டபத்துக்குப் போயிருக்காங்க பெரியம்மா. ரெஜினா அத்தை வீட்டுக்கு. கொஞ்ச நாள் அங்கன இருந்துட்டு வரட்டும்னு."

"நல்லதுதான். இடம் மாறுனா மனசும் மாறும். ஒங்க ரெண்டு பேரையும் யாரு பாக்கா?"

"நான் பாத்துக்கிறேன்."

"கெட்டிக்காரி" என்று அவள் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு முருகம்மாள் போனாள். கதவுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் யாகப்பம்மாள் படுத்திருந்தாள்.

ரெஜினா எட்வர்டின் அக்கா. பாலத்தைத் தாண்டி மண்டபம் ஊரில் இருந்தாள். பிள்ளை இல்லை, மாமியார் படுத்த படுக்கை, அதனால் நினைத்த நேரத்தில் வர முடியாது. போனில் கூப்பிட்டுக் கேட்பாள். அவளிடம் லிண்டா, "அம்மா பாசிக்குப் போயிருக்காங்க அத்தை" என்றாள். ரெஜினாவுக்கு அதில் நிம்மதி. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்றால் தேறிவிட்டாள் என்றுதானே அர்த்தம். இப்படி இந்தப் பக்கத்து ஆட்கள் யாகப்பம்மாள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்றும், அந்தப் பக்கத்து ஆட்கள் அவள் கடலில் இருக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேரளத்துக்குத் தொழிலுக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று.

ஆன்சிக்கு லிண்டா ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தாள். "சத்தம் போடாத. அம்மா தூங்குறாங்க. யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத." அந்தப் பிள்ளை அப்படியே கற்றுக்கொண்டது. தரையில் கால் பதியாமல் நடக்கப் பழகியது. தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் காதோடு வந்து சொல்லும். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள், "ஒன் தங்கச்சி வகுப்புல வாயே திறக்க மாட்டேங்குதும்மா" என்றார். "அவ எப்பவும் அப்படித்தான் டீச்சர்" என்றாள் லிண்டா. உண்மையில் அம்மாவின் வாய் அப்படியே ஆன்சிக்குத்தான் வந்திருந்தது.

லிண்டா பள்ளிக்கூடம் போவது குறைந்தது. போன நாளிலும் மூன்றாவது பீரியடில் தலை டெஸ்க்கில் சாய்ந்துவிடும். பக்கத்தில் உட்காரும் மாஷிதா முழங்கையால் இடித்து எழுப்புவாள். தன் டிபனைத் திறந்து லிண்டா பக்கம் தள்ளி வைப்பாள். ஏன், என்ன என்று துருவ மாட்டாள். இடைப் பரீட்சைக்கு லிண்டா வராமல் போனபோது நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். லிண்டா வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. மாஷிதா கொஞ்ச நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு, "சரி புள்ள, வாரேன்" என்று போய்விட்டாள். அவள் தெரு திரும்பும்வரை லிண்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாடைக் காற்றும் மழையுமாக இருந்த நாளில் ஆன்சிக்குக் காய்ச்சல் கண்டது. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். குறைவது போலக் குறைந்து மறுபடி ஏறியது. ஒரு மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்ததும் லிண்டா பயந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, எந்திரி. ஆன்சியப் பாரு. நெருப்பாக் கொதிக்குது."

யாகப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கிச் சின்னவளின் நெற்றியில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்திருக்க முட்டியை ஊன்றினாள், அப்படியே சரிந்தாள்.

"முடியல லிண்டா" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் சொன்ன வார்த்தை அதுதான்.

லிண்டா தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடி ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். ஈரப் பாவாடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு நடுவயதுப் பெண் வந்து குனிந்து பார்த்தாள்.

"நீ எட்வர்டு மகதான? ஒங்கய்யா துட்டிக்கு வந்தேனே. எங்க, அம்மா வரலியா?"

யாரிடம் எந்தப் பொய் என்பதெல்லாம் அப்போது லிண்டாவின் தலையில் நிற்கவில்லை. பழகிப்போன வாய் தானாகவே சொல்லிற்று.

"மண்டபத்துக்குப் போயிருக்காங்க. ரெஜினா அத்தை வீட்டுக்கு."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். "ரெஜினா வீட்டுக்கா? நான் அவ வீட்டுக்கு அடுத்த வீடுதானம்மா. ஒங்கம்மா அங்கன வரவே இல்லையே."

லிண்டா எழுந்து தங்கையின் கட்டிலுக்குப் போனாள், காய்ச்சல் இறங்கியதும் அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே ரெஜினா வந்துவிட்டாள். மாமியாரை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தவள் வாசலில் நின்றே வீட்டைப் பார்த்தாள். தம்பி மனைவியின் எலும்பும் தோலுமான கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெந்நீர் போட்டு யாகப்பம்மாளைக் குளிப்பாட்டினாள். சிக்குப் பிடித்த தலையைப் பிரித்தாள். வீட்டைக் கழுவிவிட்டாள். சமைத்தாள். எல்லாம் முடித்துவிட்டு லிண்டாவை முன்னால் உட்கார வைத்தாள்.

"ஏன் தாயி, எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன அந்நியமா? என் தம்பி பிள்ளைக இப்படிக் கெடக்கிறது தெரியாம நான் அங்கன தின்னுட்டுத் தூங்குறேனே."

ரெஜினா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"சின்னவள நான் கூட்டிட்டுப் போறேன். ஒடம்பத் தேத்தி நாலு நாள்ல கொண்டுவந்து விடுறேன். நீயும் வா."

"அம்மா தனியா இருப்பாங்க அத்தை."

ரெஜினா சுவர்ப் பக்கம் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் வீட்டில் இரண்டு நோயாளிகளுக்கு இடமில்லை. ஆன்சியின் துணிகளை ஒரு பையில் அடைத்தாள். பஸ் ஏறும்போது ஆன்சி, "நீ வரலியாக்கா?" என்று காதோடு கேட்டது. "நீ போ, நான் பின்னால வாரேன்" என்று லிண்டா தங்கையின் விரல்களைத் தன் கையிலிருந்து பிரித்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தால், குளித்துப் புதுச் சேலை கட்டிய அம்மா, மறுபடியும் அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். லிண்டாவுக்குள் எங்கேயோ கட்டி வைத்திருந்தது அறுந்துபோயிற்று.

"ஆன்சி போயிட்டா. ஒனக்குத் தெரியுதா? அவளக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் எல்லாஞ் செஞ்சேன். பொய் சொன்னேன். படிப்ப விட்டேன். அவ போகக் கூடாதுன்னுதான் செஞ்சேன். நீ ஒரு நாள் எந்திரிச்சிருந்தா அவ போயிருக்க மாட்டா." மூச்சு வாங்கியது. "அய்யாவுக்குப் பதிலா நீ செத்திருக்கலாம்."

யாகப்பம்மாள் திரும்பவில்லை. "ஆமா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் லிண்டா திரும்பச் சண்டை போட்டிருப்பாள். அழுதிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். அந்த "ஆமா"வில் இரண்டும் இல்லை. உப்பு இருக்கா என்று கேட்டால் இருக்கு என்று சொல்வது போல இருந்தது. லிண்டா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

பொழுது சாயும் நேரம். முருகம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, எங்கம்மா எங்கயும் போகல" என்றாள் லிண்டா. "வீட்லதான் இருக்காங்க. நீங்க வந்தப்பவும் வீட்லதான் இருந்தாங்க. எனக்குப் பயமா இருக்கு."

 முருகம்மாள் அறுத்த மீனை அப்படியே சட்டியில் போட்டு மூடினாள். கையைக் கழுவினாள். உள்ளே திரும்பி, "நான் வர நாளாகும், நீங்களே ஆக்கித் தின்னுக்கங்க" என்று மகனிடம் சொல்லிவிட்டு லிண்டாவோடு நடந்தாள். வழியில்தான் கேட்டாள்.

"என்னத்துக்குப் பயந்து மறைச்ச?"

"எங்களப் பிரிச்சிருவாங்கன்னு."

"ம்" என்றாள் முருகம்மாள். நடையை எட்டிப் போட்டாள்.

யாகப்பம்மாளின் பாய்க்குப் பக்கத்தில் அவளும் படுத்துக்கொண்டாள். முகத்துக்கு முகம். "ஏ யாகப்பு, நீ உள்ள முங்கிக் கெடக்க. நான் மேல நின்னு பாக்காமப் போயிட்டேனே" என்றாள். யாகப்பம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. லிண்டா அடுப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரமே இல்லை. பாசிக் கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆறுதல் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், யார் வீட்டு மருமகள் யாரோடு சண்டை என்று பேசினார்கள். யாகப்பம்மாளைப் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. நடுவில் கிடத்திக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். முருகம்மாள் அவளை ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினாள். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நோய். மாத்திரை சாப்பிடணும், தனியா விடக் கூடாது" என்றார் அந்த டாக்டரம்மா. வரும் வழியில் பஸ்ஸில் யாகப்பம்மாள், "சோம்பேறித்தனம் இல்லையாம்ல" என்று முருகம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

தேறுவதற்கு மாதங்கள் ஆயின. கிறிஸ்துமசுக்கு அவள் எழுந்து உட்கார்ந்தாள். பொங்கல் கழிந்து வாசலுக்கு வந்தாள். தவக்காலத்தில் அவளைக் கரைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒருநாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஈஸ்டருக்கு அவளே அடுப்பு மூட்டி மீன்குழம்பு வைத்தாள். லிண்டாவை எல்லோரும் மெச்சினார்கள். "பெரிய மனுசி மாதிரி குடும்பத்தத் தூக்கி நிறுத்திட்டாளே" என்றார்கள். முழுப் பரீட்சை எழுதாமல் அவளுக்கு ஒரு வருசம் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாலு நாள் என்று போன ஆன்சி வரவில்லை. இங்கே சரியாகட்டும் என்று ரெஜினா தள்ளிப் போட்டாள், இவர்களும் கேட்கவில்லை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். ஈஸ்டர் முடிந்த வாரம் யாகப்பம்மாள், "வா, போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வருவோம்" என்றாள். அம்மாவும் மகளும் மண்டபத்துக்குப் போனார்கள்.

தெருமுனையிலேயே ஆன்சியின் குரல் கேட்டது. யாரோ ஒரு பிள்ளையோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். யாகப்பம்மாள் நின்று கேட்டாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. ஆன்சி இவர்களைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா, அக்கா வந்திருக்கு. பாம்பன் அம்மாவும் வந்திருக்காங்க."

அடுப்படியிலிருந்து வந்த ரெஜினாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல யாகப்பம்மா. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் அம்மா அம்மான்னு…"

"தெரியும் மதினி" என்றாள் யாகப்பம்மாள்.

காப்பி குடித்தார்கள். ஆன்சி கன்னம் வைத்து, உயரமாகியிருந்தாள். கூட்டிப் போக வந்திருக்கிறோம் என்று சொன்னதும் ரெஜினா எழுந்து போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. ஆன்சி அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லிண்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திடீரென்று அவள் குரல் பழையபடி காதோடு பேசும் குரலாக ஆகியிருந்தது.

"அக்கா, அங்கன வந்தா மறுபடியும் சத்தம் போடாம இருக்கணுமா?"

லிண்டாவுக்கு மட்டும் என்று கேட்டது யாகப்பம்மாளுக்கும் கேட்டுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள். 

"மதினி, துணிய மடிக்க வேணாம். அவ இங்கனயே படிக்கட்டும். சனி ஞாயிறு வந்துட்டுப் போகட்டும்."

ரெஜினா துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அழுதாள். அம்மாவும் மகளும் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினார்கள். பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. சத்தம் போடாதே என்று சொல்லிக் கொடுத்தது நான்தானே என்று லிண்டா நினைத்தாள். தங்கையைத் தன் கூடவே வைத்துக்கொள்ளத்தான் அத்தனையும் செய்தாள். அந்தச் சத்தம் போடாத வீட்டுக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை இப்போது வரத் தயங்குகிறது.

அடுத்த வாரம் லிண்டா படுத்தாள். முதலில் தலைவலி என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் சோறு இருந்தது, அம்மா மறுபடி பாசிக்குப் போகத் தொடங்கியிருந்தாள், செய்ய வேண்டிய வேலை எதுவும் அவளுக்கு மிஞ்சவில்லை. இத்தனை நாள் நிற்க வைத்திருந்தது எதுவோ, அதுவும் போய்விட்டது. மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வந்த பெண்கள், "வயசுப் பிள்ளை, அசதியா இருக்கும்" என்றார்கள். யாகப்பம்மாளுக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பார்வை எப்படி இருக்கும், அதற்குள் இருந்தால் வெளியே பேசுவது எவ்வளவு தூரத்தில் கேட்கும் என்று அவள் அறிவாள். மறுநாள் அவள் பாசிக்குப் போகவில்லை. மகளை எழுப்பிச் சட்டை மாற்றி, கையைப் பிடித்து ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. லிண்டாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். அவள் முதலில் வாயைத் திறக்கவில்லை, பிறகு திறந்தவள் நிறுத்தவில்லை. வெளியே பெஞ்சில் யாகப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். "இந்தப் பொண்ணு கூட வந்தது யாரு?" என்று நர்ஸ் கேட்டபோது எழுந்து நின்று, "நான்தான். அவ அம்மா" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. லிண்டா ஜன்னல் பக்கம். உச்சிப்புளி தாண்டியபோது அவளாகவே பேசினாள்.

"அம்மா, அன்னைக்கு நான் ஒன்னச் சொன்னேன்ல."

"கேட்டுச்சு."

"நான் வேணும்னு சொல்லல."

"அன்னைக்கு வேணும்னுதான் சொன்ன" என்றாள் யாகப்பம்மாள். "நான் ஆமான்னு சொன்னதும் நெசந்தான். எனக்கு அப்ப அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இல்ல."

லிண்டா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். யாகப்பம்மாள் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கய்யா போனதுக்கு நான் அழுதுகிட்டுக் கெடந்தேன். அவரு ஒனக்கும் அய்யாதானங்கிறது எனக்குத் தோணவே இல்ல. நீ அழுது நான் பாக்கல" என்றாள்.

லிண்டா அப்போதும் அழவில்லை. வீட்டுக்கு வந்து, அய்யாவின் சட்டை ஒன்று கொடியில் மடித்துக் கிடந்ததை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டுதான் அழுதாள். யாகப்பம்மாள் அவளைத் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் மாதம் லிண்டா மறுபடியும் பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார முதலில் கூச்சமாக இருந்தது. மாஷிதா பிளஸ் டூ போய்விட்டாள். இருந்தாலும் மதியம் மணி அடித்ததும் டிபனோடு இறங்கி வந்துவிடுவாள். ஒருநாள் அவளிடம் லிண்டா எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வாசல்ல நின்னப்பவே உள்ள எட்டிப் பாத்தேன். ஒங்கம்மா கால் தெரிஞ்சுச்சு. கேட்டா நீ கோவிப்பன்னு கேக்கல. கேட்டிருக்கணும்" என்றாள் மாஷிதா. லிண்டா அவள் டிபனிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

மாத்திரை இருவருக்கும் உண்டு. நல்ல நாளும் வருகிறது, எழுந்திருக்க முடியாத நாளும் வருகிறது. அந்த மாதிரி நாளில் யாகப்பம்மாள் கரைக்கு வராவிட்டால், வல்லம் கிளம்பும் முன் முருகம்மாள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

ஆன்சி சனிக்கிழமை வருவாள். கையில் ஒரு பை இருக்கும். முதல் ஒரு மணி நேரம் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். யாகப்பம்மாள் வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டுவாள், உரக்கப் பேசுவாள், பாசிக் கூட்டத்துக் கதை சொல்லிச் சிரிப்பாள். மெல்ல மெல்லச் சின்னவளும் குரலை உயர்த்துவாள். இராத்திரி அக்காவைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும், "அத்தை எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். இவர்களுக்கு எதிரில் அத்தை என்று சொல்ல யாரோ பழக்கியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, வழக்கம்போல ரெஜினா சாயங்கால பஸ்ஸுக்கு வந்தாள். நால்வரும் நிறுத்தம்வரை நடந்தார்கள். ஆன்சி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கை ஆட்டினாள். பஸ் நகர்வதற்குள் திரும்பி ரெஜினாவிடம் ஏதோ கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். ரெஜினா அதைக் கேட்டுத் தலையாட்டுவது வெளியிலிருந்து தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள் யாகப்பம்மாள்.

"ஆமாம்மா" என்றாள் லிண்டா.

பஸ் வளைவில் மறைந்தது. பாலத்துப் பக்கமிருந்து காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. யாகப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிண்டா அவசரப்படுத்தவில்லை.